வெறுங்காது நாற்காலி

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததில்லை. சரக்கு வண்டி கார்டாக இருந்து ஓய்வுபெற்ற காதர் மைதீன் தன் மருமகனிடம் சொல்லி, அந்த மருமகன் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த காலத்தில் என்னிடம் சொன்னது. இரண்டு வாய் மாறி வந்ததில் எது கூடியது, எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. ஆகவே கேட்டதைக் கேட்டபடியே சொல்லப் பார்க்கிறேன்.

வடக்கே, மலையடிவாரத்தில், தண்டவாளங்கள் பிரியும் ஒரு ஜங்ஷன் ஊர். அந்த ஊர் ரயில்வே காலனியில், ஊழியர் மன்றமான இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் புதன்கிழமை சாயங்காலங்களில் இசைத்தட்டு கேட்கிற கூட்டம் ஒன்று நடந்துவந்தது. ஊரே கேசட்டுக்கு மாறிய பிறகும் தட்டை விடமாட்டோம் என்று இருந்தவர்களின் கூட்டம், கர்நாடகம் கேட்பவரும் கஜல் கேட்பவரும் வெள்ளைக்காரனின் பெரிய வாத்தியக் கச்சேரிகளைக் கேட்பவரும் ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் ரசனையை ஒருவர் பொறுத்துக்கொண்ட கூட்டம். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நடுவில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு, சங்கீதம் தெரியாத ஒருவரை அழைத்து அதில் உட்காரவைப்பார்கள். தட்டு முடிந்ததும் முதலில் அவர்தான் வாயைத் திறக்க வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை தெரிந்தவர்கள் தலையைக்கூட ஆட்டக் கூடாது. தெரிந்தவர் முந்திக்கொண்டால் தெரியாதவர் அதையே திருப்பிச் சொல்லிவிடுவார், அப்புறம் அந்தத் தட்டு ஒரு மனுஷனை உண்மையில் என்ன செய்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்பது செயலாளர் வைத்தியநாதனின் வாதம். அந்த நாற்காலிக்கு வெறுங்காது நாற்காலி என்று பெயர். பால்காரர் உட்கார்ந்திருக்கிறார், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் உட்கார்ந்திருக்கிறாள், ஒருமுறை வண்டியைத் தவறவிட்ட பிரயாணி ஒருவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அழுதுவிட்டுப் போயிருக்கிறார்.

மாரிக்கனி அந்த ஊருக்குச் சரக்கு அலுவலகத்து எழுத்தராக வந்தாள். தெற்கே வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு ஊரில், அவள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். புதிய ஊரில் அவளுக்கு எல்லாமே பயமாக இருந்தது. தொலைபேசியை எடுத்தால் முதலில் என்ன சொல்வது என்று பயம், ஓட்டலில் கரண்டி வைத்தால் பயம், பேச்சில் ஒரு சொல் தவறி விழுந்து தான் எங்கிருந்து வந்தவள் என்று காட்டிவிடுமோ என்று பயம். அப்பா என்ன செய்கிறார் என்று கல்லூரி விடுதியில் கேட்டபோது பள்ளிக்கூட வாத்தியார் என்று சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பொய் அவளுக்கு முன்னாலேயே ரயிலேறி இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கேயும் அதையேதான் சொன்னாள். அவள் அப்பா தவசிக்கண் சந்தையில் வாழைத்தார் சுமப்பவர். கோயில் கொடைத் திருவிழா நடக்கும் மாதங்களில் வில்லுப்பாட்டுக் குழுவோடு போய்க் குடம் அடிப்பார்.

வைத்தியநாதன் ஒருகாலத்தில் அந்தச் சரக்கு அலுவலகத்தின் கணக்குப் பிரிவையே ஆண்டவர். அவர் வந்து கூப்பிட்டபோது எப்படி மறுப்பது என்று தெரியாமல் மாரிக்கனி மாடி ஏறினாள்.

முதல் புதன்கிழமை அவர் தன்னுடைய தட்டையே வைத்தார். பெரிய வித்வானின் கச்சேரி. ஒரு பக்கம் முழுக்க ஒரே ராகம். வீட்டுக்குள் சாவியைத் தேடும் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல அவளுக்கு இருந்தது. சாவி இருக்குமிடம் அவருக்குத் தெரியும், ஆனாலும் எல்லாப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கிறார். எப்போது எடுப்பார் என்று அவள் காத்திருந்தாள். "ரொம்ப நல்லாருக்கு சார்" என்றாள். அடுத்த புதன் காதர் மைதீனுடைய வெள்ளைக்கார வாத்தியக் கச்சேரி. கல்யாண மண்டபத்திலிருந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியேறுவதுபோலவும், ஓய்ந்தது என்று நினைக்கும்போது குடையை மறந்துவிட்ட ஒருவர் மறுபடி உள்ளே வருவதுபோலவும் இருந்தது. "ரொம்ப நல்லாருக்கு சார்" என்றாள்.

அதற்கடுத்த வாரம் டெய்சி டிக்ரூஸ் தன் தட்டை வைத்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ், எஞ்சின் டிரைவரின் விதவை, காலனியின் பாதிப் பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவள். தட்டில் வார்த்தையே இல்லை, ஒரு டிரம்பெட் மட்டும். குடித்துவிட்டு வீடு திரும்பும் ஒருவன் தெருமுனையில் நின்று, உள்ளே போனதும் என்ன சொல்லலாம் என்று தனக்குள் ஒத்திகை பார்க்கிறான். கோபப்படுகிறான், அந்தக் கோபத்தைக் கண்டு தானே சிரிக்கிறான், மன்னிப்புக் கேட்கிறான், கடைசியில் கதவைத் தட்டாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். மாரிக்கனி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லும்மா, எப்படி இருந்தது?" என்றார் வைத்தியநாதன்.

"அவர் வீட்டுக்குள்ள போனாரா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். டெய்சி மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய்த் தட்டை எடுத்தாள். எடுத்தவள் அதில் தன் முகத்தைப் பார்த்தாள். தட்டில் கோடு இல்லை. ஓரத்திலிருந்து நடு லேபிள்வரை கறுப்புக் கண்ணாடிபோல மழமழவென்று இருந்தது. காதர் மைதீன் வாங்கி மறுபடி வைத்துப் பார்த்தார். ஊசி சறுக்கிக்கொண்டு போய் லேபிளில் இடித்து நின்றது.

"என்ன மா, எல்லாத்தையும் குடிச்சிட்டியா?" என்றாள் டெய்சி.

"பிடிச்சிருந்தா எடுத்துக்கிடுது புள்ள. பிடிக்கலைன்னா அப்படியே வச்சிருது" என்றார் காதர் மைதீன். "இதுல என்ன இருக்கு, நானும் பிரியாணியை அப்படித்தான் சாப்பிடுறேன்."

டீ வந்தது, வடை வந்தது, யாரும் சத்தம் போடவில்லை. அந்த ஊரில் வண்டிகள் நேரம் தவறி வரும், வராமலே போகும், ஒருமுறை ஆளே இல்லாத பெட்டியொன்று தானாக உருண்டு வந்து சரியான மேடையில் நின்றிருக்கிறது. காலியான தட்டு ஒன்றுக்கு மனிதர்கள் வடையைக் கீழே வைப்பார்களா? வைத்தியநாதன் மட்டும் டீயைத் தொடாமல் அலமாரியைத் திறந்து தன் கச்சேரித் தட்டை உறையிலிருந்து எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். ஒரு கோடு குறையவில்லை.

"அப்போ, அன்னிக்கு நல்லாருக்குன்னு சொன்னியே, அது?" என்று கேட்டார்.

மாரிக்கனி காலி டீத் தம்ளர்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

அதன் பிறகு அந்த ஊர் இந்த விஷயத்தைத் தன் வீட்டு விஷயமாக்கிக்கொண்டது. முதலில் சில வாரம் ஆளாளுக்குத் தட்டை ஒளித்து வைத்தார்கள். பிறகு, டெய்சியின் தட்டு மட்டும் காலியாகி மற்றதெல்லாம் தப்பிவிட்டதில் தப்பியவர்களுக்கே ஒரு அவமானம் தட்டி, ஒவ்வொருவராக ஒளித்ததை வெளியே எடுத்தார்கள். காலியான தட்டு கௌரவமானது. சலூன்காரர் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணாடிக்குப் பதிலாக மாட்டினார். மாதாகோவில் பாடகர் குழுவின் தட்டில் ஒரே ஒரு பாட்டு மட்டும் போய், நடுவில் கொலுசுபோல வழவழப்பாக ஒரு வளையம் விழுந்தது. குழுவில் யாருடைய பாட்டு என்று சண்டை வந்து இரண்டு ஞாயிறு பூசை பாட்டில்லாமல் நடந்தது. மின்கிடார் தட்டு ஒன்று முதல் பக்கம் முழுதும் காலியாகி, இரண்டாம் பக்கம் அப்படியே இருந்தது. "ரெண்டாம் பக்கம் எனக்கே பிடிக்காது" என்று அதன் சொந்தக்காரன் ஒப்புக்கொண்டான். காலனியில் சினிமாவுக்குப் போய்வந்தவனிடமும் பெண் பார்த்துவிட்டு வந்தவனிடமும் "என்ன, காலியாச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

மாரிக்கனிக்கு மட்டும் வெட்கம் பிடுங்கித் தின்றது. தனக்கு என்ன பிடிக்கும் என்பதை அவளே அந்த நாற்காலியில்தான் தெரிந்துகொண்டாள், அவளோடு சேர்ந்து ஊரும் தெரிந்துகொண்டது. பெரிய மேதைகள் தப்பிக்கொண்டே வந்தார்கள். ஒரு சர்க்கஸ் பேண்டு காலியானது, குழந்தைகளுக்கான மிருகக் குரல் தட்டு காலியானது, ஒலிபெருக்கி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகக் கடைக்காரர்கள் வைத்திருந்த மழைச் சத்தத் தட்டு ஒரு தூறல் மிஞ்சாமல் காலியானது. உள்ளாடையை நடுத்தெருவில் காயப்போட்டதுபோல அவள் கூசினாள். வைத்தியநாதனிடம் ராகங்களின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிடிக்க வேண்டும், பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய தட்டுகளைக் கேட்டாள். அவர் ஒன்றைவிட ஒன்று உயர்ந்ததாகக் கொண்டுவந்தார். எல்லாம் முழுசாகத் திரும்பிப் போயின. "என் தட்டெல்லாம் பத்திரமா இருக்கு" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார், கல்யாணத்துக்குச் சமைத்து வைத்த சாப்பாடு அப்படியே மிஞ்சிவிட்டது என்று சொல்கிற குரலில்.

சேதி தண்டவாளத்தின் வழியே போகக்கூடியது. அது தெற்கேயும் போய்ச் சேர்ந்தது.

ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், கூட்டம் உட்கார்ந்து மின்விசிறியைப் போட்ட நேரம், மாடிப்படியில் ஒரு ஆள் ஏறி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர் வாசலில் நின்று அதை இறக்கிவிட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். உரச்சாக்கு ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"யாருப்பா, யார் வேணும்?" என்றார் வைத்தியநாதன்.

"மாரிக்கனின்னு... இங்க தட்டு கேக்கும்ல்லா, அந்தப் புள்ள."

எல்லோரும் பிரம்பு நாற்காலியைப் பார்த்தார்கள். "யாரு கனி, உன் ரிலேஷனா?" என்று டெய்சி கேட்டாள்.

வாத்தியார் மகள் என்று இவர்களிடம் சொல்லியிருந்தாள். வந்தவருடைய தோளில் வாழைத்தார் சுமந்து காய்த்த தழும்பு சட்டைக்கு மேலேயே புடைத்துத் தெரிந்தது. உரச்சாக்கின் மேல் எழுதியிருந்த எழுத்துகளை அவள் ஒருமுறை வாசித்தாள்.

"எங்க ஊர்க்காரர்" என்றாள்.

தவசிக்கண் தலையை நன்றாக ஆட்டி, "ஆமா" என்றார்.

அது அவருடைய தொழில். வில்லுப்பாட்டில் அண்ணாவி கதையை ஒவ்வொரு வரியாகச் சொல்லி நிறுத்த, குடத்தடியில் இருப்பவர் ஆமா போட வேண்டும். அவர் ஆமா போட்டால்தான் கதை அடுத்த அடி வைக்கும். ராஜா செத்தான் என்றாலும் ஆமா, செத்தவன் எழுந்தான் என்றாலும் ஆமா. முன்னே இருப்பவர் எதைச் சொன்னாலும், அதுதான் நடந்தது என்று கேட்பவர்களை நம்பவைக்கிற மாதிரி சொல்ல வேண்டும். அப்படித்தான் அவர் அன்றைக்கும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள்.

சாக்குக்குள் துண்டில் சுற்றி ஒரு இசைத்தட்டு இருந்தது. "எங்க அண்ணாவி சிவனணைந்த பெருமாள் பாடினது" என்று அவர் வைத்தியநாதனிடம் சொன்னார். "அவுஹ இருக்கும்போது மெட்ராஸ்ல இருந்து வந்து புடிச்சிட்டுப் போனாங்க. இப்ப அவுஹளும் இல்ல, வேற தட்டும் இல்ல. ஊர்ல பூஞ்சை புடிக்கு. இந்தப் புள்ள கேட்டா உள்ள போயிரும்னு சொன்னாங்க. உள்ள போயிட்டா கெடாதுல்லா?"

காலியாவது கௌரவம் என்றுதான் அந்த ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பத்திரப்படுத்துவது என்று யாரும் நினைத்ததில்லை. டெய்சி கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். காலி நாற்காலிகள் கிடந்தன, காதர் மைதீன் ஒன்றை இழுத்தும் போட்டார்; தவசிக்கண் "இருக்கட்டும் இருக்கட்டும்" என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

தட்டு சுழன்றது. வில்லின் மணிகள் குலுங்கின, குடம் அடிவயிற்றிலிருந்து பேசியது, அண்ணாவி அம்மன் கதையைத் தொடங்கினார். அம்மை காட்டு வழியே தன்னந்தனியாகப் போகிறாள் என்றார். ஆமா என்றது தவசிக்கண்ணின் இளவயதுக் குரல். வழியில் பார்த்தவர்கள் நீ யார் பெண் என்று கேட்கிறார்கள் என்றார். ஆமா. அம்மை வாயைத் திறக்கவில்லை என்றார். ஆமா.

மாரிக்கனி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கேட்டாளா என்றால் அவளுக்கே தெரியாது. காலியாகிவிட்டால், இந்த ஊர்க்காரரின் பாட்டு மட்டும் உனக்கு ஏன் இப்படி என்று கேட்பார்கள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். காலியாகாவிட்டால், தரையில் உட்கார்ந்திருப்பவர் அதைத் தெரிந்துகொண்டு இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும். காலியாகு என்று ஒரு மனம் கெஞ்ச, ஆகிவிடாதே என்று இன்னொரு மனம் கெஞ்ச, வைத்தியநாதன் தொண்டையைச் செருமுவதும் மின்விசிறி கிறீச்சிடுவதும்தான் அவள் காதில் விழுந்தன. அப்பாவின் விரல்கள் அவருக்கே தெரியாமல் முழங்காலில் தாளம் போட்டதைப் பார்க்காதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தட்டைப் புரட்டிப் போட்டார்கள். அந்தப் பக்கமும் முடிந்தது.

வைத்தியநாதன் தட்டை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "அப்படியே இருக்கு" என்றார். தன் தட்டுகளுக்கு ஒரு துணை கிடைத்த நிம்மதி அவர் குரலில் இருந்தது.

"ஆமா" என்றார் தவசிக்கண், எழுந்திருந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே. பிறகு தட்டை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்; ஊரில் கரையான், இங்கே கண்ணாடி அலமாரி இருக்கிறது.

ஊர்க்காரரை வழியனுப்பப் போகிறவளாக மாரிக்கனி ஸ்டேஷனுக்கு அவரோடு நடந்தாள். மேடையில் ஆள் குறைவு.

"யப்பா, நான்..."

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன். யப்பா, அங்க அவங்க முன்னால..."

"வெளியூர்ல வேலை பாக்க புள்ள, நாலு பேருக்கு நாலு பதில் சொல்லத்தான் செய்யணும். நான் என்ன கைப்புள்ளையா, இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கிட்டுப் போவ?"

"தட்டு காலியாவலையேப்பா."

"அட, சவத்த விடு. உள்ளதே ஒண்ணு. காலியாப் போயிருந்தா அண்ணாவி சொப்பனத்துல வந்து என்னையல்லா ஏசுவாரு" என்று சிரித்தார். "கொடையில அவரு கதையை எடுத்தாலே உனக்கு உறக்கம்தான். குடத்துப் பக்கத்துலயே சுருண்டு கெடப்ப. ஊரே முழிச்சிருக்கும், நீ உறங்குவ. இன்னைக்கு முழிச்சிருந்தியே, அதுவே பெருசு."

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "போய்ட்டு வாரேன் தாயி" என்றார்.

அடுத்த புதன்கிழமை எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்று அவள் பாதிப் படி ஏறினாள். மேலே காதர் மைதீன் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. இறங்கிவிட்டாள். பிறகு அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனாள். அவள் போன பிறகு அந்த ஊரில் எந்தத் தட்டும் காலியாகவில்லை. கொஞ்சநாள் "காலியாச்சா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு அதையும் விட்டுவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து அவள் அப்பா இறந்த சேதி அலுவலகம் மூலமாக வந்து, டெய்சியும் காதர் மைதீனும் துக்கம் கேட்கத் தெற்கே போனார்கள். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார்கள். டெய்சி படத்தையும் மாரிக்கனியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று மாரிக்கனி பின்னால் காதர் மைதீனிடம் சொன்னாளாம். "யார் யாரையோ எடுத்துக்கிட்டேன் மாமா. எங்கப்பாவைத்தான் எனக்கு எடுத்துக்கத் தெரியலை" என்று சொன்னாளாம். இன்றுவரை அவள் வீட்டில் வானொலிகூடக் கிடையாது.

இதோடு காதர் மைதீன் சொன்னது முடிகிறது. போன பங்குனியில் நான் அந்த ஜங்ஷனில் இறங்கி, பூட்டிக் கிடந்த இன்ஸ்டிட்யூட்டின் சாவியைக் காவலாளியிடம் கேட்டு வாங்கி மேலே போனேன். கண்ணாடி அலமாரியில் அந்தத் தட்டு இருந்தது. துண்டுகூட அப்படியே சுற்றியிருந்தது. விளக்கில் சாய்த்துப் பார்த்தேன், கோடுகள் முழுசாக இருந்தன. வந்தவரின் தட்டு என்று துண்டோடு எடுத்து வைத்ததோடு சரி, அன்றைக்குப் பிறகு யாரும் அதைப் போட்டுக் கேட்டதில்லை என்றார் காவலாளி. இரவல் வாங்கிப் போயிருந்த கருவியில் வைத்து இரண்டு பக்கத்தையும் கேட்டேன், சந்தேகத்துக்கு மறுபடியும் ஒருமுறை கேட்டேன். வில் இருக்கிறது, மணி இருக்கிறது, அண்ணாவியின் கதை ஒரு சொல் விடாமல் இருக்கிறது. குடம் இல்லை. அண்ணாவி ஒவ்வொரு வரியையும் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். நிறுத்திய இடத்திலெல்லாம் ஊசியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. தட்டு முடியும்வரை ஒரு ஆமாகூட அதில் மிச்சமில்லை.